கண்ணாடியில் மோதிய சிட்டு

ஏழு என்று எண்ணும்போது அந்தச் சத்தம் கேட்டதா, எண்ணத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டதா என்பதுதான் சென்னியப்பனுக்குப் பிடிபடவில்லை. இன்சுலின் பேனாவின் ஊசியை வயிற்றில் குத்தி, பொத்தானை அழுத்தி, மருந்து முழுக்க இறங்கட்டும் என்று பத்து வரைக்கும் நிதானமாக எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நாயகிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர்தான் போட்டுவிடுகிறார். இன்று காலையும் சமையலறையில் மனைவியின் சக்கர நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார், பேனா கையில் இருந்தது, அவள் வயிற்றுச் சதையை இடது கையால் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது, வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரிப் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் தோட்டத்துக் கண்ணாடிக் கதவில் டொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் அவர் வெளியே ஓடியிருக்கிறார். புல்லில் கிடந்த சிட்டை எடுத்திருக்கிறார். அது பிழைத்துப் பறந்துபோன சந்தோஷத்தோடு உள்ளே வந்து, கையைக் கழுவி, மேஜைமேல் மூடி திறந்து கிடந்த பேனாவை எடுத்து ஊசி போட்டிருக்கிறார். அந்த ஊசி நிச்சயம், அதில் சந்தேகமே இல்லை. சத்தத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்று போட்டு முடித்திருந்தாரா என்பதுதான் தெரியவில்லை. போட்டிருந்தால் இப்போது அவள் உடம்புக்குள் இரண்டு வேளை மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். இட்லி சாப்பிட்டு முடிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எலுமிச்சை மரத்துக்கு எதிரே நிறுத்துவது அன்றாட வழக்கம், இன்றும் நிறுத்தியாயிற்று, மடியில் போர்வை போட்டாயிற்று, அவர் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவளுடைய இடது பக்கமாகப் போட்டுக்கொண்டாயிற்று, ஏனென்றால் வலது பக்கம் அவளுக்கு உணர்ச்சி இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மரத்தில் சிவப்புப் புட்டி தொங்குகிறது. புட்டியில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றியது. கழுத்தில் ரோஜா நிறம் மின்னும் அந்த ஆண் சிட்டு, காலையில் மோதி விழுந்ததும் அதுதான் என்று நினைக்கிறார், வேறாகவும் இருக்கலாம், அந்தரத்தில் நின்று அலகை உள்ளே விட்டு உறிஞ்சுகிறது, பின்னால் நகர்கிறது, திரும்ப வருகிறது. ஒரு பக்கமாகப் பார்த்தால் கழுத்து வெறும் கறுப்பு, இம்மி திரும்பினால் தணல். கீழே மாடப்புறாக்கள் இரண்டு எதையோ தேடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி நடக்கின்றன. எல்லாம் நேற்றைப் போலவே இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அவள் விட்டுவைத்த ஒன்றரை இட்லியை அவர் எப்போதும்போல் சட்னியோடு வாயில் போட்டுக்கொண்டபோது, இரண்டாவது வாயில், எங்கிருந்தோ வந்தது அந்த நினைப்பு. மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாளே என்று ஆரம்பித்து, எந்த மருந்து, எப்போது போட்ட மருந்து என்று போய், தொண்டையில் இட்லி நின்றுவிட்டது. உடனே அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். நூற்று அறுபது. நல்ல எண். ஆனால் சாப்பிட்ட கையோடு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், இனிமேல்தான் இறங்கும், எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி.

பேனாவைத் திருகும்போது டிக் டிக் என்று கேட்கும், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டிக். சிட்டைப் பறக்கவிட்டுவிட்டு வந்து எடுத்தபோது திருகினாரா. திருகியிருந்தால் பேனா அப்போது காலியாக, சுழியத்தில் நின்றிருக்க வேண்டும், அப்படியென்றால் முதல் ஊசி போட்டாயிற்று. திருகாமல் அப்படியே குத்தியிருந்தால் முதல் ஊசி போடவில்லை, சத்தம் கேட்டு அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார், ஆபத்தில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறார். டிக் டிக் டிக். கேட்கிறது. ஆனால் எந்த டிக் இது. நேற்றுச் சாயங்காலம் கேட்டதா, போன மாதம் கேட்டதா, ஆயிரம் தடவை திருகிய விரல் தானாகவே சொல்லிக்கொடுக்கிறதா. ஏழு என்று எண்ணியதும் கேட்கிறது. அவருடைய குரலிலேயே, ஈரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன அதே ராகத்தில், ஆறு, ஏழு, டொப். அவ்வளவு அழகாக, அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே சந்தேகம் வருகிறது. வேண்டுமென்று நினைத்தால் டொப் என்பதை ஒன்றுக்கு முன்னாலும் வைக்க முடிகிறது, அதுவும் பொருந்துகிறது, வயிற்றுச் சதையை விட்டது, பேனாவை மேஜையில் வைத்தது, பேனா கொஞ்சம் உருண்டது, எல்லாம் வரிசையாக வருகிறது. முப்பது வருடம் அணைக்கட்டுகளில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்த ஆள். எந்த மதகை எப்போது திறந்தோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

"நாயகி" என்றார். அவள் திரும்பினாள். வாயின் வலது ஓரம் கொஞ்சம் தொங்கினாலும் கண் இரண்டும் பழைய கண்தான், தங்கநாயகியின் கண், எதிராளி என்ன சொல்ல வருகிறான் என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும் கண். "காத்தால ஊசி ரெண்டு தடவ போட்டனா நானு?" அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "இருக்கட்டுங்க" என்றாள். அது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருக்கிறது. பேச்சு முழுக்கப் போய்விட்டது, புருஷன் பெயர், மகள் பெயர், உப்பு, தண்ணீர், வலி எல்லாம் போய், இந்த ஒரு சொல் மட்டும் வெள்ளம் வடிந்த பிறகு கரையில் கிடக்கும் செருப்பு மாதிரி நின்றுவிட்டது. பசித்தாலும் இருக்கட்டுங்க, போதும் என்றாலும் இருக்கட்டுங்க, மகள் போனில் அழுதபோதும் இருக்கட்டுங்க. அந்தக் காலத்தில் அவர் கடையிலிருந்து பை தூக்கிவந்தால், நான் வாங்கிக்கறனுங்க என்று அவள் கை நீட்ட, அவர் தராமல் போக, சரி இருக்கட்டுங்க என்பாள், இன்னொரு தோசை போடட்டுமா என்று யாராவது கேட்டால் இருக்கட்டுங்க என்பாள். நாற்பது வருடமாக அந்தச் சொல் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அவர் காதில் விழுந்ததே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள், தலையை ஆட்டினாலும் நம்ப வேண்டாம், ஆமாம் என்று நினைத்துக்கொண்டு இல்லை என்று ஆட்டுவார்கள், ராகத்தைக் கவனியுங்கள், முகத்தைக் கவனியுங்கள் என்று. அவர் கவனிக்கத்தான் கவனிக்கிறார். இப்போது சொன்ன இருக்கட்டுங்க எந்த இருக்கட்டுங்க. பரவாயில்லை விடுங்க என்பதா. ஆமாம் போட்டீர்கள் என்பதா. பேசாமல் குருவியைப் பாருங்கள் என்பதா.

குருவியைப் பார்க்கிறார். இன்னொரு சிட்டு, பெண், கழுத்தில் நிறமில்லாதது, மெதுவாகப் புட்டிக்குப் பக்கத்தில் வந்தது. ஆண் எங்கிருந்தோ அம்பு மாதிரி இறங்கி அதைத் துரத்திக்கொண்டு போனது. பகலெல்லாம் இதே வேலை. ஒரு நேரம் குடிக்காமல் விட்டால் செத்துப்போகும் பிறவி, அதற்குள் இத்தனை சண்டை. கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர் ஆபீசில் இருக்கும்போது நாயகி போன் போட்டுச் சொன்னாள், "ஏனுங்க, வண்டாட்டம் ஒரு குருவிங்க, நின்ன எடத்துல நின்னுட்டே குடிக்குதுங்க, நம்மூரு தேன்சிட்டுங்க." அவர், அது தேன்சிட்டு இல்லை, ஹம்மிங்பேர்டு, நம்ம தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விளக்கினார். "குடிக்கறது தேன்தானுங்களே, அப்பறம் என்னங்க" என்றாள். அவள் பேச்சை இழந்த பிறகு அவரும் தேன்சிட்டு என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். காலையில் கையில் எடுத்தபோது அது கனக்கவே இல்லை. ஒரு சூடு மட்டும் உள்ளங்கையில் இருந்தது, சுட்டுவைத்த விபூதி மாதிரி, அதற்குள் ஒரு துடிப்பு, துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு நடுக்கம். அலகு திறந்திருந்தது, நூல் மாதிரி நாக்கு. அவர் புட்டியைக் கழற்றி அலகை அதில் படவைத்துக் காத்திருந்தார், குடி சாமி, குடி சாமி என்று சொல்லிக்கொண்டே, எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது குடித்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அடுத்த கணம் கையில் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அவள் உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். வயிற்றுத் துணி விலகியபடியே.

நீலப் பறவை ஒன்று மதில்மேல் வந்து உட்கார்ந்தது. ஜே என்பார்கள் இங்கே, காக்காய்க்கு உறவு, கத்தினால் கதவுக் கீல் மாதிரி இருக்கும். வேலியோரத்தில் மண்ணைக் கிளறிக் கடலை ஒன்றைப் புதைத்தது, மேலே ஒரு சருகை எடுத்துப் போட்டது, தலையைச் சாய்த்துப் பார்த்தது. இப்படி நூற்றுக்கணக்கான இடத்தில் புதைக்குமாம், மாதக்கணக்கில் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்குமாம். மருந்துக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் வெள்ளை வண்டியைத் தேடி வெயிலில் அலைந்தது போன கோடையில். வரிசை வரிசையாகத் தேடினார். திருடு போய்விட்டது என்றே முடிவு செய்து போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தபோதுதான் கையிலிருந்த சாவி வேறு வண்டியின் சாவி என்று கண்ணில் பட்டது. வெள்ளை வண்டியை விற்று எத்தனையோ வருடமாயிற்று. சாம்பல் நிற வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நாயகியிடம்கூடச் சொல்லவில்லை, அவளால் யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்தும் சொல்லவில்லை. மகள் மேகலைக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அவள் சியாட்டிலில் இருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறாள், அப்பா, ஒரு நர்சையாவது வெச்சுக்கங்க, இல்லாட்டி எங்க பக்கம் வந்திருங்க, ஒரு நல்ல எடம் பாத்து வெச்சிருக்கேன் என்று. அந்த இடத்தின் படத்தையும் அனுப்பியிருந்தாள். தோட்டம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, அம்மாவுக்கு நர்சிங் பக்கம், அப்பாவுக்கு இந்தப் பக்கம், நடுவில் ஒரு காரிடார்தானப்பா, ரெண்டு நிமிஷ நடை. அவர் படத்தில் அந்தக் காரிடாரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். பளபளவென்று தரை, ஓரத்தில் கைப்பிடி, மூலையில் கதவு. இரவில் அந்தக் கதவைப் பூட்டுவார்களா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. நான் பாத்துக்கறேன் கண்ணு, என்னால முடியுது, என்றார். முடிகிறது. முடிந்துகொண்டுதானே இருந்தது, இன்று காலை வரைக்கும்.

மறுபடியும் விரலில் குத்தினார். அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை, தானாகவே நீட்டினாள், அது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. நூற்றுப் பத்து. இறங்குகிறது. இறங்கத்தானே மருந்து. இந்த இறக்கம் ஒரு ஊசியின் இறக்கமா, இரண்டு ஊசியின் இறக்கமா. தண்ணீர் மட்டம் குறைகிற வேகத்தைப் பார்த்து எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் இது அணையில்லை, அவள். டாக்டர் ஆபீசைக் கூப்பிட்டால் கேட்பார்கள், எத்தனை அளவு போட்டீர்கள், எப்போது போட்டீர்கள். தெரியாது என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதியது மேகலைக்குப் போகும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவர் திரும்பி வந்து இரண்டாவது, இல்லை, அந்த ஊசி போட்டபோது அவள் எப்படி இருந்தாள் என்று யோசித்தார். சாதாரணமாகத்தான் இருந்தாள். அவர் முட்டி போட்டார். பிழைச்சுக்கிச்சு நாயகி, பறந்து போயிருச்சு என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். அவள் இருக்கட்டுங்க என்றாள். அவர் சிரித்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். இடது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள், விரலை விரித்து, அகலமாக, அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தை தொடாமல் மறைக்கிற மாதிரி. அவர் அந்தக் கையைப் பிடித்து, செல்லமாகத்தான், வலிக்காதுடி என்று சொல்லி, விலக்கி மடியில் வைத்துவிட்டு ஊசியைக் குத்தினார்.

சென்னியப்பனுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது போலிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அடைக்கவில்லை, தோட்டத்தில் சத்தமே இல்லை. புறாக்கள் இல்லை. நீலப் பறவை இல்லை. சிட்டு இல்லை, அதன் ரீங்காரம் இல்லை. எலுமிச்சை இலைகூட அசையவில்லை. மேலே ஒரு நிழல் கூரையைத் தாண்டிப் போனது, வல்லூறு, இறக்கையை அடிக்காமல் தாழ்வாகப் போனது. அத்தனையும் எங்கெங்கோ இலைக்குள் ஒடுங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த நிசப்தத்தில் அவர் அவளைப் பார்த்தார். மேலுதட்டில் பனித்த மாதிரி வேர்வை. காலைக் குளிர் இன்னும் போகவில்லை, அவர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார், அவள் நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது கை போர்வைமேல் நடுங்கியது. கண் அவரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. "நாயகி, ஏம்புள்ள, இங்க பாரு, என்னையப் பாரு." கருவியில் ஐம்பத்தெட்டு என்று வந்தது. இரண்டுதான். இரண்டு ஊசிதான்.

எழுந்து ஓடினார். குளுக்கோஸ் மாத்திரை என்று ஒரு டப்பா இருக்கிறது, இந்த மாதிரி நேரத்துக்கென்றே நர்ஸ் கொடுத்தது, பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று பத்திரமான ஓர் இடத்தில் வைத்தார். எந்த இடம். மருந்து அலமாரி, இல்லை. மேஜை இழுப்பறை, இல்லை, பழைய பேட்டரி, ரப்பர் வளையம், சாமி படம். அடுப்புக்கு மேல், இல்லை. வைத்த கை தெரிகிறது, டப்பாவின் ஆரஞ்சு நிறம் தெரிகிறது, பின்னால் இருக்கும் சுவர் மட்டும் தெரியவில்லை. நின்று யோசித்தால் வரும் என்று நின்றார், நின்றதும் பயம் வந்தது, நிற்காதே என்று மறுபடி ஓடினார். சர்க்கரை. இந்த வீட்டில் இனிப்பு வாங்குவதை நிறுத்திப் பல வருடம், தேன் இல்லை, வெல்லம் இல்லை, ஜூஸ் இல்லை, ஒரு மிட்டாய் இல்லை. சர்க்கரை வாங்குவது பறவைக்கு மட்டும்தான், அந்த ஜாடியில் பார்த்தால் தூசி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, மிச்சமிருந்ததையெல்லாம் நேற்றுக் காய்ச்சிவிட்டார். காய்ச்சியதை எங்கே வைத்தோம் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. கை தானாகப் பிரிட்ஜைத் திறந்தது. கதவில் கண்ணாடி ஜாடி, நிறைய, தெளிவாக.

அவளுக்கு எதிரே புல்லில் முட்டி போட்டு, ஸ்பூனில் எடுத்து, வாயின் இடது ஓரமாக விட்டார். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வாயும் விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூன். புரை ஏறிவிடக் கூடாது. அவசரப்பட்டுவிடக் கூடாது. அவசரம். குடி சாமி என்று சொல்லிவிட்டு, காலையில் யாரிடம் இதையே சொன்னோம் என்று நினைவு வந்து வெட்கமாக இருந்தது, அப்போது இவளை விட்டுவிட்டுத்தானே அங்கே போய் முட்டி போட்டிருந்தார். பாதி வழிந்தது. துண்டால் துடைத்துத் துடைத்து ஊட்டினார். அவள் விழுங்கினாள். பல்லில் ஸ்பூன் தட்டியது. எத்தனை ஸ்பூன் என்று எண்ண ஆரம்பித்தார், எண்ணுவதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். எலுமிச்சை மரத்துக்குள் எங்கேயோ முதலில் ஒரு குருவி கீச்சிட்டது. பிறகு இன்னொன்று. அவள் கையின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. எங்கேயோ போயிருந்த கண், தூரத்தில் நடந்து வருகிற ஆள் மாதிரி மெதுவாகத் திரும்பி வந்து அவர்மேல் நின்றது. கருவி எழுபத்தெட்டு என்றது. ஏறுகிறது. ஆனால் மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது, இந்தத் தண்ணீர் தீர்ந்ததும் அது மறுபடி இழுக்கும், இன்னும் பல மணி நேரத்துக்கு இழுக்கும், அதுவரைக்கும் தனியாக அவர் என்னத்தைச் செய்வார், எதை மறப்பார்.

"நீ அப்பவே சொன்ன, இல்ல?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "கைய வெச்சு மறச்சயே. சொன்னதான நீ." அவள் சொல்லை எடுக்கவில்லை. இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்துக் காலையில் வைத்த மாதிரியே வயிற்றின்மேல் விரித்து வைத்தாள். வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சென்னியப்பன் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார், விலக்குவதற்கு அல்ல. சண்டைக்காரச் சிட்டு திரும்ப வந்து புட்டியைச் சுற்றியது, அவர் தலைக்குப் பின்னால் அந்த ரீங்காரம் கேட்டது, திரும்பவில்லை. மேகலையிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு நினைப்பு அப்போதும் வந்தது, இதோ சரியாகிவிட்டதே, ஒரு நாள் தப்பு, நாளையிலிருந்து ஜாக்கிரதையாக இருந்தால் போயிற்று என்று சமாதானமாக, நல்ல பிள்ளை மாதிரி வந்து நின்றது. அவருடைய போன் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தது. நாயகி தன் கையை அவர் கைக்கடியிலிருந்து உருவி, எட்டி, எட்டாமல், சாய்ந்து, விரல் நுனியால் அந்தப் போனை அவர் பக்கமாகத் தள்ளினாள். அது நாற்காலி விளிம்புக்கு வந்து புல்லில் விழுந்தது.

மகள் உடனே எடுத்தாள். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"அவசரந்தான் கண்ணு" என்றார். "அம்மாவுக்கு இன்னைக்கு ரெண்டு தடவ ஊசி போட்டுட்டேன். மொத ஊசி போட்டது எனக்கு ஞாபகமே இல்ல. சுகர் எறங்கிருச்சு. சக்கரத் தண்ணி குடுத்தேன், இப்ப எழுவத்தெட்டு இருக்குது."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, ஒரு கதவு, பிறகு காலடி. "முழிச்சிருக்காங்களா? முழுங்கறாங்களா?"

"முழிச்சிருக்கா. முழுங்கறா."

"டாக்டர் ஆபீச இன்னொரு போன்ல கூப்படறேன். நீங்க கட் பண்ணாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டுக்கங்க. அம்மா தூங்கற மாதிரி கண்ணு சொருகுனா உடனே ஆம்புலன்ஸ், என்கிட்டக் கேக்க வேண்டாம்." அவள் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது, நிதானமாக, விவரமாக, இவளுக்கு எப்போது இவ்வளவு வயதாயிற்று என்று அவர் நினைத்தார். திரும்ப வந்து சொன்னாள், சோறோ ரொட்டியோ கொஞ்சம் ஊட்டச் சொன்னார்கள், கால் மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும், அவள் போனில் கூடவே இருந்து நேரம் சொல்வாள், பக்கத்தில் இருக்கிற நர்ஸ் ஒருத்தி கிளம்பி வருகிறாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். உள்ளே போய் ரொட்டியை எடுத்து வந்தார், போனையும் கையிலேயே வைத்துக்கொண்டு. பாலில் நனைத்து ஊட்டினார். பேச்சு நின்ற ஓர் இடைவெளியில், யாரும் கேட்காமலே, "இது மொதத் தடவ இல்ல கண்ணு" என்றார். வெள்ளை வண்டியைச் சொன்னார். மாத்திரை டப்பாவைச் சொன்னார். சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு மூன்று வந்தன, தனக்கே தெரியாமல் ஒளித்துவைத்திருந்தவை. "இனிமே ஊசிய நான் போட வேண்டாம். ஆளப் போடு. அந்த எடத்துக்கு வரணும்னாலும் வர்றோம். அந்தக் காரிடார் மட்டும், ராத்திரில அந்தக் கதவப் பூட்டுவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

மேகலை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கேக்கறேம்ப்பா" என்றாள். "பூட்டுனா வேற எடம் பாக்கலாம். இன்னைக்குச் சாயங்கால பிளைட்டுல வர்றேன்." பிறகு, அழவில்லை என்று காட்டிக்கொள்கிற குரலில், "அம்மா இப்ப என்ன பண்றாங்க? குருவி பாத்துட்டு இருக்காங்களா?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் பார்த்தார். மரத்தில் சிட்டு இருந்தது, மதில்மேல் நீலப் பறவையும் வந்துவிட்டிருந்தது.

"இல்ல கண்ணு" என்றார். "என்னையத்தான் பாத்துட்டு இருக்கா."